மீதியை வெள்ளித்திரையில் காண்க

பெரியம்மாவின் தகரப் பெட்டிக்குள் பாட்டுப் புத்தகங்கள் இருந்தன. அந்தக் காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற, சில பக்கங்களே கொண்ட, தொட்டால் விரலில் மை ஒட்டுகிற மலிவுத் தாள் புத்தகங்கள். அட்டையில் நடிகர்கள், உள்ளே பாட்டுகள், அதோடு ஒரு கதைச்சுருக்கம். இந்தக் கதைச்சுருக்கம் ஒருபோதும் முடியாது. அண்ணன் தங்கையை மன்னித்தானா, காணாமல்போன கடிதம் யார் கையில் கிடைத்தது என்று இரண்டு மூன்று கேள்விகளைக் கேட்டுவிட்டு, "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நின்றுவிடும். பத்து வயதில் அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். எந்த வெள்ளித்திரையில் காண்பது?

1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியதோடு யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றுபோனது. கொக்குவிலில் எங்கள் வீட்டுச் சுவர்களில் சுவிச்சுகள் அப்படியே இருந்தன. தங்கச்சி அவற்றைப் போட்டும் நூத்தும் விளையாடுவாள். பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்குத் தடை. மண்ணெண்ணெய் விற்ற விலையில் லாம்பு கொளுத்தினால் அன்றைக்குக் கறிக்குக் காசு இருக்காது. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு, மூடியில் துளை போட்டுத் திரி செருகிய விளக்கில்தான் என் வயதுப் பிள்ளைகள் எல்லோரும் படித்தோம். உதயன் பத்திரிகை கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த நாட்களும் உண்டு. டவுனில் தியேட்டர்கள் சுவர்களாக நின்றன.

ஆகவே என் தியேட்டர் பெரியம்மாதான். அம்மாவின் மூத்த அக்கா. கலியாணம் செய்யவில்லை, ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. அயலில் உள்ள பெண்களுக்குச் சட்டை தைத்துக்கொடுப்பார். மாலையில் வெளிச்சம் இருக்கும்வரை விறாந்தையில் தையல் மெசின் ஓடும். நான் பக்கத்தில் இருந்து நூல் கோத்துக் கொடுப்பேன். கூலி, ஒரு படம்.

பெரியம்மா படம் சொல்லுகிற முறையே வேறு. எடுத்த எடுப்பில் கதைக்குள் போகமாட்டார். அன்றைக்கு யார் யார் போனார்கள், பஸ் எங்கே பழுதாகி நின்றது, கலரிக்குக் கூட்டமா, செகண்ட் கிளாசுக்கு ரிக்கற் கிடைத்ததா, இன்டர்வெல்லில் கச்சான் வாங்கினார்களா ஐஸ்பழம் வாங்கினார்களா, எல்லாம் வந்த பிறகுதான் திரை விலகும். கதை நடக்கும்போது கால் மெசினில் மிதிக்கும். சண்டைக் காட்சி என்றால் தையல் வேகமாக ஓடும். அழுகிற இடம் வந்தால் மெசின் நின்றுவிடும். எம்.ஜி.ஆர். படம் சொன்ன நாட்களில் தைத்த சட்டைகளில் தையல் கோணியிருந்தது என்று அம்மா பகிடி விடுவார்.

இதனால் எனக்கு ஒரு கோளாறு நிரந்தரமாக ஒட்டிக்கொண்டது. பாசமலர் என்றால் சிவாஜியும் சாவித்திரியும் எனக்கு இரண்டாம்பட்சம். மழையில் நனைந்த சேலைத் தலைப்பைப் பிழிந்துகொண்டு வெலிங்டன் வாசலில் நிற்கிற மூன்று சகோதரிகள்தான் முதலில் வருவார்கள். படத்தைப் பிற்பாடு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன். அந்த மூன்று பேரும் படத்தில் இல்லையே என்ற குறை எனக்குப் போகவில்லை.

வெலிங்டன், றீகல், வின்சர், ராணி, ராஜா, மனோகரா, லிடோ, ஸ்ரீதர், வித்யா, சாந்தி. பெரியம்மா இந்தப் பெயர்களைக் கோயில்களின் பெயர் போல ஒரு ஒழுங்கில் சொல்லுவார். றீகல் முற்றவெளிப் பக்கம். அதில் இங்கிலிஷ் படம் போடுவார்கள். பொது நூலகமும் அந்தப் பக்கம்தான். ஆசிரியராக இருந்த மாமா ஒருவர் பின்னேரம் நூலகத்தில் இருந்து வாசித்துவிட்டு, பொழுதுபட றீகலில் படம் பார்த்துவிட்டு, சைக்கிளில் வீட்டுக்கு வருவாராம். 1981 ஜூன் முதலாம் திகதிக்கு முந்திய இரவோடு அந்தப் பழக்கம் முடிந்தது. நூலகத்தில் 97,000 புத்தகங்கள் எரிந்தன. மாமா அதற்குப் பிறகு படத்துக்கும் போகவில்லை என்று பெரியம்மா சொன்னார். நூலகம் எரிந்ததற்கும் படம் பார்ப்பதை விட்டதற்கும் என்ன தொடுப்பு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது கொஞ்சம் விளங்குகிறது.

படம் சொல்லி அலுத்தால் பெரியம்மா றேடியோக்காரராக மாறிவிடுவார். இலங்கை வானொலியில் கே.எஸ்.ராஜா படங்களுக்குக் குரல் கொடுத்த மாதிரி, மூச்சு விடாமல், சொற்களை உருட்டி உருட்டி, "இன்று முதல்" என்று தொடங்கித் தியேட்டர் பெயரில் கொண்டுவந்து முடிப்பார். தைத்துக்கொண்டிருக்கிற பாவாடைக்கும் அதே குரலில் விளம்பரம் நடக்கும். ராஜாவை 1989இல் கொழும்பில் கொன்றுவிட்டார்கள். அதைச் சொல்லும்போது மட்டும் பெரியம்மா தன் சொந்தக் குரலில் சொன்னார்.

உண்மையான றேடியோவும் எங்களிடம் இருந்தது, பற்றரி இல்லாமல். அதற்கு ஊர் கண்டுபிடித்த வழி சைக்கிள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றினால் பின்சில்லு சுழலும், சில்லில் உரசுகிற டைனமோவில் இருந்து றேடியோவுக்கு வயர். ஞாயிற்றுக்கிழமைகளில் திருச்சி வானொலி ஒலிச்சித்திரம் போடும். இரண்டரை மணிநேரப் படத்தைச் சுருக்கி, காட்சியெல்லாம் கழன்று போய், வசனமும் பாட்டும் மட்டும். சுற்றுகிற வேலை முறை வைத்துப் பிள்ளைகளுக்கு. கை உளைந்து சில்லு மெல்லச் சுற்றினால் கதாநாயகி கிணற்றுக்குள் போவது போலக் குரல் இறங்கும். "சுத்தடா, சுத்தடா, அவள் சொல்லப்போறாள்!" என்று பெரிய ஆட்கள் கத்துவார்கள். வேகமாகச் சுற்றினால் குரல் எழும்பி வரும். அவள் சொல்லிமுடித்திருப்பாள்.

ஒரு படத்தை வசனமாக மட்டும் கேட்டு வளர்ந்தவனுக்கு ஒரு நன்மை உண்டு. எந்தப் படம் வாயாலேயே ஓடுகிறது, எது கண்ணால் ஓடுகிறது என்பது சட்டென்று பிடிபட்டுவிடும். ஒலிச்சித்திரத்தில் அருமையாக இருந்த பல படங்களைப் பிற்பாடு பார்த்தபோது கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் ஒன்றும் குறைந்திராது என்று தோன்றியது. மகேந்திரனின் உதிரிப்பூக்களைச் சைக்கிள் சுற்றிக் கேட்டிருந்தால் நான் ஒரு சொத்தைப் படம் என்று முடிவுகட்டியிருப்பேன். அதில் பாதிக்குமேல் ஆட்கள் பேசாமலே இருக்கிறார்கள்.

வருசத்தில் ஒன்றிரண்டு தடவை ஊரில் யாராவது 'டெக்' எடுப்பார்கள். சாமத்தியவீடு, பிறந்தநாள், வெளிநாட்டில் இருந்து காசு வந்த சந்தோசம், ஏதாவது ஒரு சாட்டு. ரீவி ஒரு வீட்டில், டெக் ஒரு வீட்டில், ஜெனரேட்டர் வாடகைக்கு. அதைக் கொஞ்சப் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, பிடித்தவுடன் மண்ணெண்ணெய்க்கு மாற்றவேண்டும். நீலப்புகை முற்றத்தை மூடும். அந்த மணம் இன்றைக்கும் எனக்குப் படத்தின் மணம்தான்.

எண்ணெய் முடியும்வரை படம். ஆகவே ஓரிரவில் மூன்று, நாலு படங்கள். ஒழுங்கு மாறாது. முதல் சாமிப்படம், ஆச்சிமாருக்காக. அது முடிய அவர்கள் எழும்பிப் போவார்கள் என்று பெடியன்கள் காத்திருப்பார்கள், ஆச்சிமார் அசையமாட்டார்கள். அடுத்தது சிவாஜியோ எம்.ஜி.ஆரோ. பிறகுதான் புதுப்படம். கடைசிப் படம் ஓடும்போது முக்கால்வாசிப் பேர் பாயில் நித்திரை. வீட்டுச் சொந்தக்காரர் மட்டும் காசு குடுத்த குற்றத்துக்காக விழித்திருப்பார்.

ஜெனரேட்டர் சத்தத்தில் பொம்பர் வருவது கேட்காது. ஆகவே ஒருவர் ஒழுங்கைத் தலைப்பில் போய் நின்று காது கொடுக்கவேண்டும். ஹெலி சத்தம் கேட்டால் ஓடிவந்து சொல்லவேண்டும், எல்லாவற்றையும் நூத்துவிட்டு இருட்டில் இருக்கவேண்டும். படம் பார்க்க வந்த கூட்டத்தில் இந்த வேலைக்கு ஒருவர் எப்போதும் தானாக முன்வந்ததுதான் எனக்கு இன்றைக்கும் அதிசயம். எங்கள் ஒழுங்கையில் அது ஒரு தச்சுத்தொழிலாளி. அவர் தளபதியை முழுதாகப் பார்த்ததேயில்லை. ரஜினியும் மம்முட்டியும் பேசுகிற இடம் வரும்போது ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்.

அப்படி ஓரிரவில்தான் நான் மூன்றாம் பிறை பார்த்தேன். கதை எனக்குத் தலைகீழ்ப் பாடம், பெரியம்மா சொல்லியிருக்கிறார். பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர், சின்ன வயதில் கித்துல்கலவில் டேவிட் லீன் குவாய் ஆற்றுப் பாலம் படம் எடுத்ததை நேரில் பார்த்துவிட்டுத்தான் சினிமாப் பித்துப் பிடித்தவர், ஆகவே அவர் 'எங்கட பெடியன்' என்பதும் அந்தக் கதையின் ஒரு பாகம். பெரியம்மா சொன்ன முடிவில், றெயில் புறப்படுகிறது, கமல் குரங்கு மாதிரி ஆடிக்காட்டுகிறார், ஸ்ரீதேவி யன்னலால் பார்க்கிறார், பார்த்துக்கொண்டே இருக்கிறார், பிறகு அடையாளம் கண்டுபிடித்து இறங்கி ஓடிவருகிறார்.

ரீவியில் அவள் இறங்கவில்லை. றெயில் போய்விட்டது. நான் பிரதியில் ஏதோ வெட்டுப்பட்டுவிட்டது என்று நினைத்தேன். விடியப்புறம் வீட்டுக்கு ஓடிப்போய், முற்றம் கூட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம், "ஏன் பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். அவர் கூட்டுவதை நிறுத்தவில்லை.

"நான் எங்க ராசா பொய் சொன்னனான்? அவை படத்தை அவதிப்பட்டு முடிச்சுப்போட்டினம். இன்னும் அஞ்சு நிமிசம் எடுத்திருந்தா அவள் இறங்கியிருப்பாள்."

அதற்குப் பிறகு நான் ஒவ்வொரு படமாக விசாரிக்கத் தொடங்கினேன். அம்மாவிடம் ஒருதரம், சின்னம்மாவிடம் ஒருதரம். பெரியம்மா சொன்ன படங்களில் பலதின் முடிவு வேறு. வில்லன்களை அவர் தொடமாட்டார், அவர்கள் செத்தால் சரி. மற்றவர்களைச் சாகவிடமாட்டார். பிரிந்தவர்களைச் சேர்த்துவிடுவார். பாட்டுப் புத்தகம் நின்ற இடத்தில் இருந்து மீதியை அவரே எழுதிக்கொண்டிருந்தார்.

வாசிக்கப் பழகியதும் இதே வழியால்தான். கதைச்சுருக்கம் மாதிரிப் பாதியில் நிற்காத கதை வேண்டும் என்று கேட்டபோது, பெரியம்மா பெட்டியின் அடியில் இருந்து வீரகேசரிப் பிரசுரங்களை எடுத்துத் தந்தார். எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தினார்கள். விகடனும் குமுதமும் தடைப்பட்ட இடத்தில் ஈழத்து நாவல்கள் மலிவுப் பதிப்பில் வந்தன. கட்டுப்பாடு சரியா பிழையா என்று இன்றும் சண்டை பிடிக்கிறார்கள். தைத்துப் பிழைக்கிற ஒரு பெண்ணின் பெட்டிக்குள் செங்கை ஆழியான் போய்ச் சேர்ந்தது அதனால்தான் என்பதை மட்டும் நான் சாட்சி சொல்லுவேன். வாடைக்காற்றை அப்படித்தான் வாசித்தேன். நெடுந்தீவு, காற்று மாறுகிற காலம், வாடி போட வருகிற மீனவர்கள். கடலில் இருந்து சில மைல் தூரத்தில் இருந்துகொண்டு, பாதுகாப்பு வலயம் என்று கடற்கரைக்குப் போகமுடியாத வயதில், நான் கடலைப் பார்த்தது அந்த நாவலில்.

டொமினிக் ஜீவாவின் மல்லிகையையும் மாமா வாங்குவார். 1966இல் தொடங்கிய சஞ்சிகை. கஸ்தூரியார் வீதிச் சலூனில் முடி வெட்டிக்கொண்டே அதை நடத்தியவர் ஜீவா. படத்துக்குப் போகிற பெடியன்களுக்குத் தலைவெட்டுகிற இடத்தில் ஒரு இலக்கியச் சஞ்சிகை பிறந்தது எங்கள் ஊருக்குப் பொருத்தமான சங்கதிதான். பின்னொரு காலத்தில், உதிரிப்பூக்களுக்கு அடி புதுமைப்பித்தனின் சிற்றன்னை என்று தெரிந்தபோது, தேடி வாசித்தேன். இரண்டுக்கும் உறவு மெத்தத் தூரம். மகேந்திரன் பெரியம்மாவின் கட்சி என்று நினைத்துக்கொண்டேன். ஒருவர் நிறுத்திய இடத்தில் இருந்து தன் மீதியைத் தான் எடுத்தவர்.

பழைய சஞ்சிகை ஒன்றில்தான் பொன்மணி என்ற பெயரைக் கண்டேன். 1977இல் வந்த, யாழ்ப்பாணத்திலேயே எடுத்த தமிழ்ப்படம். கதைவசனம் காவலூர் இராசதுரை, நெறியாள்கை தர்மசேன பத்திராஜா. சிங்களவர், யாழ்ப்பாண வளாகத்தில் விரிவுரையாளராக இருந்தவர். அதற்குப் பாட்டுப் புத்தகம் பெட்டியில் இல்லை.

"பாத்தனீங்களோ?" என்று கேட்டேன்.

"பாத்தனான். ஓடேல்லை."

"ஏன்?"

"எங்கட வீட்டைப் படம் எடுத்தா ஆர் காசு குடுத்துப் பாக்கிறது?"

கதையைச் சொல்லுங்கோ என்று நச்சரித்தேன். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள வீடு, சீதனம் இல்லை, மூத்தவள் கலியாணம் இல்லாமல் இருக்கிறாள், இளையவள் வேறு சாதிப் பெடியன் ஒருவனோடு போய்விடுகிறாள். "போய்?" "போய்க் கொழும்பில நல்லா இருக்கினம்." இவ்வளவுதான். கலரியும் இல்லை, கச்சானும் இல்லை, யாரோடு போனார் என்பதும் இல்லை. அரைச் சட்டை தைப்பதற்குள் முடிந்துவிட்டது. பெரியம்மா சொன்னதிலேயே சின்னப் படம் அது.

1995 ஒக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. அதைப் பலர் எழுதிவிட்டார்கள். மழை, நாவற்குழிப் பாலம், அடிக்கு அடி நின்று நின்று நகர்ந்த லட்சக்கணக்கான சனம். தையல் மெசினின் தலையை மட்டும் கழற்றிச் சைக்கிள் கரியரில் கட்டினோம். தகரப் பெட்டி நின்றுவிட்டது. தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் ஏழெட்டுக் குடும்பங்களோடு கிடந்தோம். இரவில் பிள்ளைகள் அழுதால் பெரியம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். அந்த மாதங்களில் அவர் சொன்ன படங்களில் வில்லன்களும் சாகவில்லை, மனம் திருந்தினார்கள். கேட்டுக்கொண்டிருந்த பெரியவர்களுக்கு அசல் கதை தெரியும். ஒருவரும் திருத்தவில்லை.

1996இல் திரும்பி வந்தபோது கூரையில் பாதி ஓடுகள் இல்லை. பெட்டி இருந்தது. மழைத்தண்ணீரும் கறையானும் போக மிஞ்சியது ஒரு கைப்பிடிக் களி.

பிறகு எல்லாம் வந்தது. கரண்ட் வந்தது, 2002இல் ஏ-9 பாதை திறந்ததும் சீடீக்கள் மூட்டையாக வந்தன, சண்டை மறுபடி வந்தது, முடிந்தது. ஸ்ரீதர் தியேட்டர் ஒரு கட்சியின் அலுவலகம் ஆனது. மனோகராச் சந்தி, வெலிங்டன் சந்தி என்று இடத்துக்குப் பெயர் சொல்லுகிற பிள்ளைகள் பலருக்கு அது படமாளிகையின் பெயர் என்று தெரியாது. ஆஸ்பத்திரி வீதியில் கார்கில்ஸ் கட்டடத்தின் மேல்மாடியில் குளிரூட்டிய தியேட்டர் வந்தது. 2015இல் இருந்து யாழ்ப்பாணத்தில் சர்வதேசத் திரைப்பட விழாவும் நடக்கிறது. ஒருமுறை அதில், பேச்சே இல்லாமல் நீண்ட ஒரு வெளிநாட்டுப் படம் முடிந்து வெளியே வந்து, சைக்கிள் பார்க்கில் நின்றபடி நானும் நண்பனும் முடிவைப் பற்றி ஒன்றரை மணிநேரம் வாதாடினோம். அவள் இறங்கியிருப்பாள் என்றேன் நான். எந்தப் படத்தைச் சொல்லுகிறாய் என்றான் அவன்.

பெரியம்மாவுக்கு இவற்றில் ஒன்றும் பிடிக்கவில்லை. ரீவியில் நாடகம் ஓடும், அவர் முதுகு காட்டிக்கொண்டு தைப்பார். "இது முடியவே முடியாது. முடியாததுக்கு நான் என்னத்தைச் சொல்லுறது?" என்பார். தொடர்நாடகங்களைப் பற்றி இதைவிட நல்ல விமர்சனம் நான் வாசித்ததில்லை.

2018 ஜனவரியில் பத்திராஜா காலமானார். செய்தியைப் பத்திரிகையில் வாசித்த அன்று இரவு, பொன்மணியைத் தேடி எடுத்துக் கணினியில் போட்டேன். மங்கிய பிரதி. கோடுகள், புள்ளிகள், இடையிடையே தூங்குகிற ஒலி. பெரியம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினேன். அப்போது அவருக்கு எழுபது.

படம் மெல்லப் போகிறது. பனை, வேலி, கிடுகு, வெறும் ஒழுங்கை. ஆட்கள் கதைப்பது குறைவு. யன்னலுக்குப் பக்கத்தில் மூத்தவள் சும்மா நிற்கிறாள். இந்தப் படம் 1977இல் ஏன் ஓடவில்லை என்பது விளங்கியது, ஏன் ஓடியிருக்கவேண்டும் என்பதும் விளங்கியது. தமிழ்நாட்டுப் படங்களில் நாங்கள் ஒருபோதும் பார்த்திராத ஒன்று அதில் இருந்தது, எங்கள் ஊரின் மௌனம். வெளியூரில் இருந்து வந்த ஒரு சிங்களவருக்குத்தான் அது கேட்டிருக்கிறது.

பெரியம்மா திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. இடையில் ஒரேயொரு தடவை பேசினார். "இந்த வேலி மாதிரித்தான் எங்கட பழைய வீட்டு வேலியும்." பொன்மணி வீட்டைவிட்டுப் போன பிறகு, எழும்பினார்.

"எங்க போறீங்கள்? இன்னும் முடியேல்லை."

"தேத்தண்ணி போடுறன். முடிவு எனக்குத் தெரியும்தானே."

குசினியில் கேத்தில் வைக்கிற சத்தம் கேட்டது. நான் தனியாக முடிவைப் பார்த்தேன். அவர்கள் கொழும்பில் நல்லாக இருக்கவில்லை. அவளைக் கொன்றுவிடுகிறார்கள். பெரியம்மா இரண்டு கோப்பையோடு வந்து, "முடிஞ்சுதோ?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். இருவரும் தேத்தண்ணி குடித்தோம். படத்தைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னும் ஒன்று மிச்சம். வாடைக்காற்று 1978இல் பிரேம்நாத் மொறாயஸ் நெறியாள்கையில் படமாக வந்தது. பெரியம்மா அதைப் பார்த்திருக்கிறார், எனக்கு இரண்டு தடவை சொல்லியும் இருக்கிறார், இரண்டு முடிவுகளோடு. நாவலின் முடிவு எனக்குத் தெரியும். படத்தை மட்டும் இன்னும் பார்க்கவில்லை. நல்ல பிரதி யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். எந்த ஊரானாலும் வந்து பார்க்கிறேன்.